தங்கதுரையின் வேண்டுதல்

சாவதற்குள் ஒரு தடவையாவது முன்பின் தெரியாத ஒரு வெளிநாட்டுக்காரன் தன் முகத்தில் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்க வேண்டும் என்று தங்கதுரை முடிவு செய்தார்.

சாதாரணமாக அவர் முடிவு செய்கிற ஆள் இல்லை. சாம்பாரில் முருங்கைக்காயா கத்தரிக்காயா என்பதில் தொடங்கி, பட்டறையில் வார்க்கும் யானைப் பொம்மையின் தும்பிக்கை தூக்கியிருக்க வேண்டுமா தொங்கவேண்டுமா என்பது வரைக்கும் முடிவு செய்கிறவள் அவர் மனைவி பெரியநாயகி. தங்கதுரை ஒப்புதல் தருவார். அதுவும் கேட்டால்தான்.

விருத்தாசலத்தில் செராமிக் பேட்டைக்குப் பின்னால் சூளைமேட்டுத் தெருவில் அவருடைய பீங்கான் பொம்மைப் பட்டறை இருந்தது. யானை, உண்டியல் பூனை, படுத்திருக்கும் புத்தர். பொம்மைகளைச் சூளையில் அடுக்கி நெருப்பை ஏற்றிவிட்டால் அவை வேகிற வரைக்கும் பட்டறைக்காரனுக்கு வேலை கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்து காவல் காக்க வேண்டும். அந்தக் காவலில்தான் மனுஷன் கெட்டுப்போனார். போனில் உலகத் திருவிழாக்களைப் பார்க்க ஆரம்பித்தார்.

ஸ்பெயினில் ஊரே கூடித் தக்காளியை வாரி ஒருவர் மேல் ஒருவர் அடித்துக்கொள்கிறது. பிரேசிலில் முதுகில் இறகு கட்டிக்கொண்டு விடிய விடிய ஆடுகிறார்கள். மெக்சிகோவில் எலும்புக்கூடு வேஷம் போட்டு, செத்தவர்களுக்குத் துலுக்கச் சாமந்தி மாலையோடு ஊர்வலம் போகிறார்கள். எல்லாவற்றையும்விடத் தங்கதுரையின் மனசைப் பிடுங்கியது தாய்லாந்துதான். நமக்கு சித்திரை பிறக்கும்போது அவர்களுக்கும் வருஷம் பிறக்கிறதாம். பேங்காக்கில் அன்றைக்குத் தெருவில் நடக்கிற எவரும் காய்ந்த சட்டையோடு வீடு திரும்ப முடியாது. ஆளாளுக்குத் தண்ணீர்த் துப்பாக்கி. போலீஸ்காரரையும் விடுவதில்லை. நனைந்த போலீஸ்காரர் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பைத் தங்கதுரை திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார்.

பங்குனி வெயிலில், சூளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஒருவனிடம் தண்ணீர்த் திருவிழாவைக் காட்டினால் அவன் என்ன செய்வான்? பாஸ்போர்ட்டைத் தேடுவான். கணவன் மனைவி இரண்டு பேருக்கும் பாஸ்போர்ட் இருந்தது. எதிர்வீட்டுக்காரர்களோடு சேர்ந்து இலங்கையில் கதிர்காமம் போகலாம் என்று நான்கு பேரும் எடுத்து, போகாமலே விட்டது. பீரோவில் பட்டுப் புடவைகளுக்கு அடியில் அந்துருண்டை வாசனையோடு கிடந்தது. தங்கதுரை தன்னுடையதை மட்டும் உருவிக்கொண்டார்.

கூட்டாளி எதிர்வீட்டு சக்கரபாணி. பீங்கான் பியூஸ் கட்டை செய்கிறவர். ஒன்றாம் வகுப்பிலிருந்து தங்கதுரையின் சிலேட்டைப் பார்த்து எழுதியே வளர்ந்தவர். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டிராவல்ஸ் வைத்திருக்கும் திலீபன், ஓர் அறைக்கு இரண்டு பேர் என்று திட்டம் சொன்னதும் சக்கரபாணிதான் தங்கதுரையின் நினைவுக்கு வந்தார்.

"பொண்டாட்டிங்கள அழைச்சுக்கிட்டுப் போவலாமாடா?" என்று சக்கரபாணி ஒரு பேச்சுக்குக் கேட்டார்.

"திருச்செந்தூர் போனமே, மறந்துட்டியா?"

"என்னா ஆச்சு?"

"‘ரொம்ப உள்ள போவாதீங்க, ரொம்ப உள்ள போவாதீங்க’ன்னு கரையில நின்னு கத்திக்கிட்டே இருந்தா. அவ்வளவு பெரிய கடல்ல என் கணுக்கால் மட்டுந்தான் நனைஞ்சுது. இவள பேங்காக்குக்கு அழைச்சுக்கிட்டுப் போனா, அங்க வந்து எனக்குக் கொடை புடிப்பா."

சக்கரபாணிக்கு நியாயமாகப் பட்டது. தங்கதுரை சொல்கிற எதுவும் அவருக்கு நியாயமாகத்தான் படும்.

வீட்டில் என்ன சொல்வது என்பதற்கும் தங்கதுரை வழி வைத்திருந்தார். குஜராத்தில் மோர்பி என்று ஓர் ஊர். பீங்கான் தொழிலுக்குப் பேர் போனது. அங்கே புது மிஷின் பார்க்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டால் யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தபோது மெல்ல எடுத்தார். பெரியநாயகி ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"மோர்பியா? அது எங்கங்க இருக்குது?"

"குஜராத்துல."

"துவாரகை இருக்குற குஜராத்தா?"

"அதேதான்."

"ரெண்டும் பக்கமா?"

இந்த இடத்தில் ‘தெரியாது’ என்று சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் மனைவி கேட்டுத் தனக்குப் பதில் தெரிந்த கேள்வி என்று அபூர்வமாக ஒன்று வந்திருந்தது. விடுவாரா?

"பக்கந்தான். பஸ்ஸிலியே போயிடலாம்."

"அப்ப நானும் வரன். கிருஷ்ணன் ஆண்ட ஊர ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறன். நீங்க மிஷினப் பாருங்க, நான் சாமியப் பாக்கறன்."

தங்கதுரைக்கு ரசம் புரை ஏறியது. தலையில் தட்டிவிட்டு, பெரியநாயகி டிவி பக்கம் திரும்பி அலுத்துக்கொண்டாள். சென்னையில் வேலை பார்க்கும் மகள் கயல்விழி பொங்கலுக்கு வாங்கி வந்து மாட்டிவிட்டுப் போன புது டிவி.

"இந்த டிவிக்கும் என்னா கேடு வந்துச்சோ தெரியல. காராமணிக் கொழம்பு போடுன்னா, கும்பலா நின்னு தக்காளியப் போட்டு மிதிக்கிறாங்க. தக்காளி விக்கிற வெலையில."

"டிவின்னா அப்படித்தான்" என்றார் தங்கதுரை. அவர் கவலை அவருக்கு.

அந்தக் கவலை இரண்டு நாள் அவரைத் தூங்கவிடவில்லை. மூன்றாம் நாள் பட்டறைக்குப் போகிற வழியில் திரௌபதி அம்மன் கோயில் வாசலில் பந்தக்கால் நட்டுக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் அவருக்குள் ஒரு பல்பு எரிந்தது.

சூளைமேட்டுத் தெருவில் வருஷா வருஷம் சித்திரை பிறந்த மறுநாள் தீமிதி. தீ மிதிக்கிறவர்களுக்கு முன்னதாகவே கையில் காப்புக் கட்டுவார்கள். மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டு. பார்க்கச் சின்னதுதான். ஆனால் கட்டிக்கொண்டவர் தீமிதி முடிந்து அதை அவிழ்க்கிற வரைக்கும் எல்லை தாண்டக் கூடாது. இந்தப் பக்கம் ரயில்வே கேட்டு, அந்தப் பக்கம் ஆறு. கலெக்டரே கூப்பிட்டாலும் கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பதில் சொல்ல வேண்டும்.

பெரியநாயகி கையில் ஒரு காப்பு ஏறிவிட்டால்? துவாரகை என்ன, கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற துணிக்கடைக்கே அவள் போக முடியாது.

அன்று மாலை பெரியநாயகி வடாம் மாவு கிளறிக்கொண்டிருந்தாள். தங்கதுரை முகத்தைச் சாந்தமாக வைத்துக்கொண்டு பக்கத்தில் மணையைப் போட்டு உட்கார்ந்தார்.

"தை மாசம் உனக்கு முட்டி வலி வந்துச்சே, ஞாபகம் இருக்குதா?"

"எனக்கு வந்த வலி எனக்கு ஞாபகம் இருக்காதா?"

"அப்ப நான் நம்ம அம்மனுக்கு ஒண்ணு வேண்டிக்கிட்டன்."

கரண்டி நின்றது. "எனக்காகவா?"

"உனக்காகத்தான். ‘தாயே, அவ முட்டி சரியாவட்டும், இந்த வருஷம் அவளுக்குக் காப்பு கட்டி உன் வாசல்ல கொண்டாந்து நிறுத்தறன்’னு."

"காப்பு கட்டுனா தீ மிதிக்கணுமேங்க."

தங்கதுரை அவ்வளவு தூரம் யோசிக்கவில்லை. அவர் யோசனை விமானம் ஏறுவதோடு நின்றிருந்தது.

"மிதிக்கணுந்தான். நம்ம தெருவுல கைக்கொழந்தையோட மிதிக்கிறாங்க, என்னா ஆயிடுச்சு? அவ பாத்துக்குவா."

பெரியநாயகி நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். கொஞ்சம் அதிக நேரமாகவே பார்த்தாள்.

"இவ்வளவு பாசத்த இத்தினி வருஷமா எங்கங்க வெச்சிருந்தீங்க?"

"மனசுலதான்."

"சரி, சாமி காரியம். வாயில வந்துடுச்சு, தட்ட முடியுமா? நீங்க மோர்பிக்குப் போயிட்டு வாங்க. துவாரகை எங்க ஓடிடப் போவுது."

அவள் இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டது தங்கதுரையை ஒரு கணம் உறுத்தியது. பாவம், வெள்ளை மனசு. பிறகு அந்த போலீஸ்காரரின் சிரிப்பு ஞாபகத்துக்கு வந்தது. உறுத்தல் அடங்கிவிட்டது.

வெற்றியை சக்கரபாணியிடம் போய்ச் சொன்னார். சக்கரபாணி வாய் பிளந்து கேட்டுவிட்டு, அன்றைக்கே தன் மனைவி ராஜம்மாளிடம் அதையே ஒப்பித்தார். அப்படியே சொன்னார், தை மாத முட்டி வலி உள்பட. ராஜம்மாளுக்கு முட்டி வலி வந்ததே இல்லை.

அடுத்த வாரம் முழுக்கத் தங்கதுரை மிதந்தார். சக்கரபாணி கடலூர் போய் இரண்டு தண்ணீர்த் துப்பாக்கி வாங்கி வந்து, பியூஸ் கட்டைப் பெட்டிக்குள் ஒளித்து வைத்தார். பெரியநாயகியோ எதையும் கேட்கவில்லை. ஒரே ஒரு நாள் பட்டறையில் புத்தர் பொம்மைகளை வைக்கோல் வைத்துப் பெட்டியில் அடுக்கும்போது, ஒரு புத்தரைத் தூக்கிப் பார்த்துச் சொன்னாள்.

"இவரும் பொண்டாட்டிகிட்ட சொல்லாமத்தான் கெளம்புனாராம்."

தங்கதுரை கையிலிருந்த உண்டியல் பூனை கீழே விழுந்து உடைந்தது.

"என்னாங்க?"

"ஒண்ணுமில்ல. கை வழுக்கிடுச்சு."

"ஆனா பாருங்க, அவருக்குப் போன எடத்துல ஞானம் கெடைச்சுது" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த புத்தரை எடுத்தாள்.

காப்புக் கட்டும் நாள் வந்தது. பொழுது சாயக் கோயில் வாசலில் தெருவே கூடியிருந்தது. பெரியநாயகி மஞ்சள் புடவையில் வந்தாள். காப்பு ஏறுவதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போகலாம் என்று தங்கதுரையும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கூடவே வந்து முதல் வரிசையில் நின்றார். ராஜம்மாளைக் கூட்டிக்கொண்டு சக்கரபாணியும் வந்தார். நான்கு நாளில் பயணம். இரண்டு பேருக்கும் சிரிப்பை அடக்குவதுதான் கஷ்டமாக இருந்தது.

கோயில் தர்மகர்த்தா ராஜாங்கம் மைக்கைத் தட்டினார். "காப்பு கட்டறவங்க முன்னால வாங்க. கட்டுன பொறவு கேட்டுக்கு அந்தாண்ட காலு வெக்கக் கூடாது. கவுச்சி கூடாது, மெத்தை கூடாது. அப்பறம் வந்து அது அவசரம், இது அவசரம்னு எங்கிட்ட நிக்காதீங்க."

பெரியநாயகி முன்னால் போனாள். பூசாரி கயிற்றை எடுத்தார். அவள் கையை நீட்டவில்லை. ராஜாங்கத்திடம் மைக்கைக் கேட்டு வாங்கினாள்.

"எல்லாருக்கும் ஒரு சேதி சொல்லணும். தை மாசம் நான் முட்டி வலியில எழுந்து நடக்க முடியாம கெடந்தன். அப்ப எங்க வூட்டுக்காரரு, எனக்குக்கூடத் தெரியாம, அம்மனுக்கு வேண்டிக்கிட்டிருக்காரு. இப்பத்தான் வாயத் தொறந்து சொன்னாரு."

தங்கதுரை பெருமையாகத் துண்டைச் சரிசெய்துகொண்டார்.

"‘எம் பொண்டாட்டி முட்டி சரியானா, நானே காப்பு கட்டி, நானே தீ மிதிக்கறன்’னு வேண்டிக்கிட்டாராம்."

கூட்டத்தில் பெண்கள் பக்கம் ஒரு பெருமூச்சு எழுந்தது. ஒரு கிழவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இன்னொருத்தி தன் புருஷனைத் திரும்பிப் பார்த்து, "நீயும் இருக்கியே" என்றாள்.

"அது வந்து" என்று தங்கதுரை ஆரம்பித்தார். "நான் வேண்டிக்கிட்டது என்னான்னா..."

"சொல்லு தொர. எல்லாரும் கேக்கட்டும்" என்று ராஜாங்கம் மைக்கை அவர் வாய்க்கு நேரே பிடித்தார்.

தங்கதுரை யோசித்தார். ‘நான் மிதிப்பதாக வேண்டவில்லை, முட்டி வலிக்காரியான என் மனைவிதான் நெருப்பில் இறங்க வேண்டும் என்று வேண்டினேன்’ என்று சொல்லலாம். எதிரே கையில் வேப்பிலைக் கொத்தோடு தெருப் பெண்கள் அத்தனை பேரும் நின்றிருந்தார்கள். அது வேண்டாம் என்றால், ‘வேண்டுதலே இல்லை, அம்மன் பேரில் பொய் சொன்னேன்’ என்ற உண்மையைச் சொல்லலாம். எதிரே அம்மனே நின்றிருந்தாள். அவள் கண் இன்றைக்குக் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது.

"அதேதாங்க" என்றார் மைக்கில்.

குலவை கிளம்பியது. பூசாரி அவருடைய வலது கையைப் பிடித்து இழுத்துக் கட்டி முடிச்சுப் போட்டார். பம்பைச் சத்தத்தில் தங்கதுரைக்கு விமானம் ஒன்று புறப்பட்டுப் போகிற மாதிரி கேட்டது.

மைக் கைமாறியது. இப்போது ராஜம்மாள்.

"எங்க வூட்டுக்காரரும் எனக்காக வேண்டிக்கிட்டிருக்காரு. எனக்கு முட்டி வலி வந்ததே இல்ல. வர்றதுக்கு முன்னாலியே வேண்டிக்கிட்டாருன்னா அவரு பாசத்த என்னான்னு சொல்றது."

சக்கரபாணி தங்கதுரையைப் பார்த்தார். ஒன்றாம் வகுப்பிலிருந்து வந்த பழக்கம். தங்கதுரையின் சிலேட்டில் பதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. கையை நீட்டினார்.

"சூளைக்காரங்களுக்கு நெருப்பு என்னா புதுசா?" என்று ராஜாங்கம் இரண்டு பேர் முதுகிலும் தட்டிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் பெரியநாயகி கட்டிலில் இருந்த மெத்தையைச் சுருட்டி ஓரமாக வைத்தாள். தரையில் பாயை விரித்தாள். தங்கதுரை அதில் உட்கார்ந்து கையிலிருந்த மஞ்சள் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, அப்ப மோர்பி?"

"எங்க போறது. அதான் கட்டிட்டாங்களே."

"மோர்பி போனா போவுது. பேங்காக்கு என்னா ஆவறது?"

தங்கதுரை மஞ்சள் துண்டை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"எந்த பேங்காக்கு?" என்றார் தங்கதுரை.

"எத்தினி பேங்காக்குங்க இருக்குது?"

பெரியநாயகி ரிமோட்டை எடுத்து டிவியைப் போட்டாள். தண்ணீர்த் துப்பாக்கி, நனைந்த போலீஸ்காரர், தக்காளி, இறகு, எலும்புக்கூடு. ஆறு மாதமாகத் தங்கதுரை சூளைக்குப் பக்கத்தில் ஒளிந்து பார்த்த அத்தனையும் வரிசையாக வந்து நின்றது.

"நீங்க போன்ல பாக்கறதெல்லாம் இங்க வருதுங்க. கயலு டிவி மாட்டறப்ப உங்க போனுக்கும் இதுக்கும் ஒண்ணா சேத்து வெச்சிட்டுப் போயிருக்கா. பாக்கறது மட்டுமில்ல, தேடறதும் வருது." அவள் ஒரு பட்டனை அழுத்தினாள். திரையில் கொட்டை எழுத்தில் வந்தது: மனைவிக்குத் தெரியாமல் தாய்லாந்து செல்வது எப்படி.

தங்கதுரை துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

"அதையும் நான் பாத்தன். ஒரு பையன் வந்து பேசறான். ‘ஆபீஸ் வேலைன்னு சொல்லுங்க’ங்கறான். நல்லாத்தான் சொல்றான். காப்பு கட்டி வுடுங்கன்னு அவன் சொல்லல. அது நீங்களா யோசிச்சது."

"கோவமா?"

"மொதல்ல வந்துச்சு. அப்பறம் உக்காந்து ஒண்ணொண்ணாப் பாத்தனா, கோவம் போயி ஆசை வந்துடுச்சு." பெரியநாயகி பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "திருச்செந்தூர்ல நான் ஏன் கரையில நின்னன் தெரியுமா? உங்க செருப்புக்கும் பைக்கும் காவல். ‘நான் பாத்துக்கறன், நீ போயி நனைஞ்சுட்டு வா’ன்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா? எனக்கும் மூஞ்சி இருக்குது. ஒருத்தன் தண்ணி அடிச்சா எம் மூஞ்சியும் நனையும்."

தங்கதுரை முகத்திலிருந்து துண்டை எடுத்தார். அவர் போட்ட கணக்கில் பெரியநாயகியின் ஆசை என்ற ஒன்று எந்த இடத்திலும் வரவே இல்லை. இத்தனை வருஷத்தில் அவர் அதைக் கேட்டதும் இல்லை. "தப்புதான்" என்றார். உண்மையாகவே சொன்னார். கூடவே ஒரு நப்பாசையும் வந்தது. "அடுத்த வருஷம் நாம ரெண்டு பேரும் சேந்து..."

"அடுத்த வருஷம் அப்பறம். திலீபன் தம்பிகிட்ட பேசிட்டன். நாளைக்குள்ள சொன்னா பேர மாத்திக்கலாமாம். ஒரே ரூம்பு, ரெண்டு பேரு. நானும் ராஜம்மாளும்."

"நீங்க ரெண்டு பொம்பளைங்க தனியா..."

"நீங்க ரெண்டு ஆம்பளைங்க தனியாப் போவலாம், நாங்க போவக் கூடாதா? வடாம் காஞ்சுதுன்னா எடுத்து டப்பாவுல போட்டு வெச்சிடுங்க. காக்கா கொத்திடப் போவுது."

நான்காம் நாள் காலையில் இரண்டு புருஷன்மார்களும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில்வே கேட்டு வரைக்கும் வந்தார்கள். அதற்கு மேல் போக முடியாது. கேட்டுக்கு இந்தப் பக்கம் பெட்டியை வைத்தார்கள். அந்தப் பக்கமிருந்து ஆட்டோக்காரர் வந்து எடுத்துக்கொண்டார்.

"வேளாவேளைக்குச் சாப்பிடுங்க" என்றாள் பெரியநாயகி. "காலுல செருப்பு இல்லாம நடந்து பழகிக்குங்க. அப்பத்தான் அன்னைக்குச் சுடாது."

கொஞ்ச நேரத்தில் கேட்டு மூடியது. சென்னை போகிற ரயில் ஸ்டேஷனை விட்டு மெல்ல நகர்ந்து வந்தது. ஜன்னலில் இரண்டு பெண்களின் முகம் தெரிந்தது. ராஜம்மாள் கையில் ஒரு தண்ணீர்த் துப்பாக்கி இருந்தது.

"டேய், அது நான் பியூஸ் கட்டைப் பெட்டியில வெச்சிருந்ததுடா" என்றார் சக்கரபாணி.

அவர் சொல்லி முடிப்பதற்குள் ராஜம்மாள் அழுத்தினாள். இரண்டு சொட்டு சக்கரபாணியின் மூக்கில் விழுந்தது. தங்கதுரை மேல் அதுவும் விழவில்லை.

பிறகு வந்த நாட்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தங்கதுரை மூன்று வேளையும் வெறும் சோறும் மோரும் சாப்பிட்டார். பாயில் புரண்டார். வடாமைக் காக்காய் கொத்தியது. தெருப் பெண்கள் போகும்போதும் வரும்போதும் அவரைக் காட்டி, "புருசன்னா இவருல்ல" என்று தங்கள் புருஷன்மாரிடம் சொன்னார்கள். அந்தப் புருஷன்மார்கள் அவரைப் பார்த்த பார்வையில் பாசம் துளிகூட இல்லை. டீக்கடையில் அவரை யாரும் பக்கத்தில் உட்காரச் சொல்லவில்லை.

தீமிதி நாள் வந்தது. கோயில் முன்னால் கட்டைகளை எரித்துக் கங்காக்கித் தட்டிப் பரப்பியிருந்தார்கள். சூளைக்காரருக்கு நெருப்பு புதுசா என்று எல்லோரும் கேட்டார்கள். புதுசு இல்லை, அதுதான் தொந்தரவு. மண்ணை நெருப்பு என்ன செய்யும் என்று தினமும் பார்க்கிற மனுஷன் அவர். மற்றவர்கள் ‘கோவிந்தா’ என்று சொல்லி இறங்கினார்கள். தங்கதுரை, "தாயே, இனிமே உம் பேருல பொய் சொல்லமாட்டன்" என்று சொல்லிக்கொண்டே இறங்கினார். இறங்கினார் என்றுதான் பார்த்தவர்களுக்குத் தெரியும். அடுத்த கணம் அவர் மறுகரையில் பால் ஊற்றிய குழியில் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் சக்கரபாணி, தங்கதுரையின் முதுகைப் பார்த்துக்கொண்டே ஓடி வந்து சேர்ந்தார். இரண்டு பேர் காலிலும் ஒரு கொப்புளம் இல்லை.

தங்கதுரைக்கு அழுகையே வந்துவிட்டது. பயம் போனதில் வந்த அழுகை. மனசு பஞ்சு மாதிரி லேசாக இருந்தது. பெரியநாயகியிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அந்த நேரத்தில் போன் அடித்தது. அவள்தான், வீடியோவில்.

திரையில் முதலில் தண்ணீர் மட்டும் தெரிந்தது. பிறகு பூப்போட்ட சட்டையும் தோளில் பிளாஸ்டிக் துப்பாக்கியுமாக, சொட்டச் சொட்ட ஒரு பெண். அது பெரியநாயகிதான் என்று புரிந்துகொள்ளத் தங்கதுரைக்குக் கொஞ்ச நேரம் ஆனது. இவ்வளவு சத்தமாக அவள் சிரித்து அவர் பார்த்ததில்லை.

"மிதிச்சிட்டீங்களா? காலு நல்லா இருக்குதா?"

"நல்லா இருக்குது. நீ?"

அவள் பதில் சொல்வதற்குள் நெட்டையாய் ஒரு வெள்ளைக்காரர் எங்கிருந்தோ வந்து நேராக அவள் முகத்தில் பீய்ச்சி அடித்துவிட்டு ஓடினார். பெரியநாயகி விடவில்லை. துரத்திக்கொண்டு போய் அடித்தாள். குறி தப்பி, நடுவில் வந்த ஒரு போலீஸ்காரர் நனைந்தார். போலீஸ்காரர் சிரித்தார். அதே சிரிப்பு.

தங்கதுரையும் சிரித்துவிட்டார். சிரிக்காமல் இருக்க முடியவில்லை. "நல்லா நனைஞ்சுட்டு வா. நான் வூட்டப் பாத்துக்கறன்" என்றார். இப்போதாவது அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல முடிந்ததே என்று அவருக்குத் திருப்தியாக இருந்தது.

"நீங்க நல்லவருங்க" என்றாள் பெரியநாயகி முகத்தைத் துடைத்துக்கொண்டு. "ஒண்ணு சொல்ல மறந்துட்டன். பிளைட்டு மேல ஏறுச்சா, எனக்குக் கொடலே நடுங்கிப் போச்சு. அப்ப நம்ம அம்மனுக்கு ஒண்ணு வேண்டிக்கிட்டன்."

"வேண்டிக்க, வேண்டிக்க. என்னான்னு?"

"‘தாயே, நான் பத்திரமா எறங்குனா, எங்க வூட்டுக்காரரு இன்னும் மூணு வருசத்துக்குக் காப்பு கட்டி உனக்குத் தீ மிதிப்பாரு’ன்னு. பத்திரமா எறங்கிட்டங்க. அடுத்த சித்திரைக்கு எந்த ஊர்ல என்னா திருவிழான்னு வந்து டிவியில பாத்துக்கறன்."

திரை அணைந்தது. காப்பை அவிழ்க்கக் கத்தரிக்கோலோடு பூசாரி வந்து நின்றார்.

தங்கதுரை நீட்டிய கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "அவுத்து மறுபடியும் கட்டுவானேன் சாமி, அப்படியே கெடக்கட்டும்."